அன்பின்றி இட்ட பெயர்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் ஆறேழு பேர் கூடியிருந்த ஒரு மாலையில், டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் வரும் மோரியா என்ற நகரத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினேன். மலைக்கடியில் குள்ளர்கள் குடைந்து கட்டிய நகரம். பேராசையால் மேலும் மேலும் ஆழமாகத் தோண்டினார்கள். கீழே கிடந்த ஒரு பயங்கரத்தை எழுப்பிவிட்டார்கள். அழிந்தார்கள். பேராசைக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடையாது என்று சொல்லி முடித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், "பேராசை என்று யார் சொன்னது?" என்று கேட்டார். நாவலில் இருக்கிறது என்றேன். "நாவலில் இருக்கிறது, சரி. நாவலில் யார் சொல்வது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் மறுபடியும் படித்தேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இப்படி ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கே நம்மில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். யதார்த்தவாதத்தின் மேல் நமக்கு எத்தனை சலிப்பு இருந்தாலும், இல்லாத நகரம், இல்லாத ஜனங்கள் என்றால் அதைச் சிறுவர் அலமாரிக்கு அனுப்பிவிடுகிற பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. எனக்கு எதிர்மாறாகத்தான் படுகிறது. உண்மையான நகரத்தைப் பற்றி எழுதுகிறவன் தவறாகச் சொன்னால், போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ள ஒரு நகரம் இருக்கிறது. கற்பனை நகரத்துக்கு அந்த மேல்முறையீடு கிடையாது. அது முழுக்க முழுக்க யாரோ சொன்ன சொல்லால் ஆனது. அதனால் அங்கே யார் சொன்னார்கள், யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள், யார் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கும் சாட்சியம்.

1

படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குள்ளர்களின் ஏழு மூதாதையரில் மூத்தவன் டூரின். பனி மலைகளுக்கு நடுவே ஒரு ஏரியில் குனிந்து பார்க்கிறான். நீருக்குள் அவன் தலைமேல் நட்சத்திரங்கள் கிரீடமாகத் தெரிகின்றன. அந்த இடத்துக்கு மேலிருந்த குகைகளில் நகரம் தொடங்குகிறது. அதன் மக்கள் அதை அழைத்த பெயர் கஸாத்-தூம். கஸாத் என்பது அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். கஸாத்தின் குடைவு என்று பொருள். மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசலுக்கு நேர்க்கோட்டிலேயே நாற்பது மைலுக்குக் குறையாது. வெள்ளியைப் போன்ற, ஆனால் எஃகைவிட உறுதியான, மித்ரில் என்ற உலோகம் அங்கே கிடைத்தது. நாவலின் கால அட்டவணைப்படி மூன்றாம் யுகத்தின் 1980ஆம் ஆண்டு, சுரங்கத்தின் அடியிலிருந்து பால்ராக் என்ற நெருப்புப் பூதம் வெளிப்பட்டு அரசன் ஆறாம் டூரினைக் கொல்கிறது. மறு வருஷம் அவன் மகனும் சாகிறான். மிஞ்சியவர்கள் ஓடிப்போகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு, 2989இல் பேலின் என்பவன் ஒரு கூட்டத்தோடு திரும்பிப் போகிறான். ஐந்து வருஷத்தில் அவனும் கொல்லப்படுகிறான்.

நாவலின் பாத்திரங்கள் ஒன்பது பேர் உள்ளே நுழைவது 3019 ஜனவரியில். அதாவது நகரம் காலியான பிறகு. இது முதலில் கவனிக்க வேண்டிய விஷயம். டோல்கீன் சிருஷ்டித்த நகரங்களில் மிகப் பெரியது இது; இதில் வாழும் ஒரு குடிமகனையும் நாவலின் நிகழ்காலத்தில் நாம் சந்திப்பதில்லை. தூண்கள், படிக்கட்டுகள், ஒரு கிணறு, ஒரு கல்லறை. மற்றதெல்லாம் செவிவழிச் செய்தி.

2

இனி நண்பரின் கேள்வி. இருட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் பயணிகள் தங்குகிறார்கள். ஹாபிட்டான சாம், இந்த இருட்டுப் பொந்துகளிலா ஜனங்கள் வாழ்ந்தார்கள் என்கிற மாதிரி ஏதோ கேட்கிறான். கூட்டத்தில் இருக்கும் ஒரே குள்ளன் கிம்லி, பொந்து என்ற சொல்லை மறுக்கிறான். இது நகரம், இருட்டாகவும் இருந்ததில்லை என்கிறான். வேடிக்கை என்னவென்றால், பொந்து என்று சொன்ன சாம் வளை வெட்டி வாழும் இனத்தைச் சேர்ந்தவன். 1937இல் வந்த 'ஹாபிட்' கதையே தரைக்குள் இருக்கும் ஒரு வளையில்தான் ஆரம்பிக்கிறது. தன் வளை வீடு. அடுத்தவன் நகரம் பொந்து. டோல்கீன் இதை அழுத்திச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் நன்றாக இருக்கிறது.

கிம்லி எழுந்து நின்று தன் நகரத்தைப் பற்றிப் பாடுகிறான். பாடி முடித்ததும், பொன்னும் மணியும் இன்னும் குவிந்து கிடக்குமா என்று சாம் கேட்கிறான். கிம்லி பேசவில்லை. பாட்டுக்குப் பிறகு அவன் எதுவும் சொல்ல விரும்பவில்லை என்று நாவல் தெளிவாகவே குறிப்பிடுகிறது. அந்த மௌனத்தில்தான் மந்திரவாதி காண்டால்ஃப் பேச ஆரம்பிக்கிறார். மித்ரிலைப் பற்றிச் சொல்கிறார். அதுவே அவர்களுடைய செல்வத்துக்கு அஸ்திவாரம், அதுவே அழிவுக்கும் காரணம். பேராசையோடு, மிக ஆழமாகத் தோண்டிவிட்டார்கள் என்கிறார். நான் கூட்டத்தில் ஒப்பித்தது இந்தத் தீர்ப்பைத்தான். தீர்ப்புச் சொன்னவர் அந்த ஊர்க்காரர் இல்லை. சொல்லும்போது அந்தப் பயங்கரம் இன்னதென்றுகூட அவருக்குத் தெரியாது. ஓரிரு நாட்களில், பாலத்துக்கு அருகே அதை நேரில் கண்ட பிறகுதான் தெரிகிறது. ஊர்க்காரன் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

இதோடு ஒப்பிட, நாவலில் இதற்கு முன்பே வரும் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. எல்ராண்ட் கூட்டிய சபையில் கிம்லியின் தகப்பன் குளோயின் இதே விஷயத்தைச் சொல்கிறான். மிக ஆழமாகத் தோண்டிவிட்டோம், பெயரில்லாத பயத்தை எழுப்பிவிட்டோம் என்கிறான். ஆழம் இருக்கிறது. பேராசை இல்லை. 'தோண்டிவிட்டோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு தவறை ஒப்புக்கொள்கிறவன், நோக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆழம் என்பது நடந்தது. பேராசை என்பது நடந்ததற்கு அடுத்தவன் எழுதிய காரணம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். 2001இல் வந்த சினிமாவில் இந்தத் தீர்ப்பைச் சாருமான் என்ற கெட்ட மந்திரவாதியின் வாயில் வைத்தார்கள். அதனாலும் அதன் செல்வாக்குக் குறையவில்லை.

மூன்றாவது சாட்சியம் நாவலின் பின்னிணைப்பில் கிடக்கிறது. அங்கே அந்தக் காலத்தில் மித்ரில் வருஷத்துக்கு வருஷம் அரிதாகிக்கொண்டு வந்தது, அதைத் தேடி ஆழமாகப் போனார்கள் என்று மட்டும் இருக்கிறது. சுரங்கம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது சாதாரண விஷயம். மேலே தீர்ந்தால் கீழே போக வேண்டும். பூதத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார்கள் என்கிற இடத்தில் ஒரு அடிக்குறிப்பு. அது ஏற்கனவே சௌரானின் தீய சக்தியால் விழித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்கிறது அந்தக் குறிப்பு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குற்றச்சாட்டு கதையின் நடுமண்டபத்தில், எல்லோரும் கேட்க. விடுதலைக்கான வாய்ப்போ பின்னிணைப்பின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில். இது டோல்கீனின் கவனக்குறைவா, திட்டமா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் பழி சத்தமாகவும் மறுப்பு பொடி எழுத்திலும் வருவது நமக்குப் புதிதல்லவே.

மித்ரிலுக்கு ஆசைப்பட்டவர்கள் யார் என்பதும் நாவலில் இருக்கிறது. எல்லா ஜனங்களும் விரும்பினார்கள் என்று காண்டால்ஃபே சொல்கிறார். எல்ஃபுகள், அந்த அழகான, சாகாத இனத்தார், மித்ரிலிலிருந்து நிலவொளியில் தெரியும் ஒரு பொருளைத் தயாரித்தார்கள். மோரியாவில் மித்ரில் கிடைத்த செய்தி கேட்டுத்தான் அவர்களில் ஒரு பகுதியினர் வந்து மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள் என்று பின்னிணைப்பு சொல்கிறது. ஆனால் பேராசை என்ற சொல் அவர்கள்மேல் ஒட்டவில்லை. கேட்டவன் ரசிகன், வெட்டியெடுத்தவன் பேராசைக்காரன். இந்தக் கணக்கை நாவல் எழுதிவைத்திருக்கிறது. நாம்தான் கூட்டிப் பார்க்கவில்லை.

3

அடுத்தது பெயர். மோரியா என்பது எல்ஃபுகளின் மொழி; கரும் பள்ளம் என்று அர்த்தம். அது அன்பில்லாமல் இட்ட பெயர் என்று மொழிகளைப் பற்றிய பின்னிணைப்பு சொல்கிறது. நாவலின் மற்ற பாத்திரங்களும், கதை சொல்கிற குரலும், நாமும் அந்தப் பெயரைத்தான் உபயோகிக்கிறோம்.

மேற்கு வாசலைப் பாருங்கள். இரண்டு இனங்களும் சிநேகமாக இருந்த காலத்தில் செய்தது. கதவைச் செய்தவன் குள்ளனான நார்வி, அதில் எழுத்தும் சித்திரமும் வரைந்தவன் எல்ஃபான கெலெப்ரிம்போர். இருவர் பெயரும் கதவில் இருக்கிறது. திறக்கும் சொல் 'நண்பன்' என்பதற்கான எல்ஃப் சொல். இந்த இடத்தைப் படித்து உருகாதவர்கள் குறைவு. நானும் உருகியிருக்கிறேன். ஆனால் அதே கதவில், எல்ஃப் மொழியில், 'மோரியாவின் அரசன் டூரினின் வாசல்' என்று எழுதியிருக்கிறது. உற்ற சிநேகிதன், சிநேகத்தின் உச்சத்தில், வீட்டுக்காரன் வாசலிலேயே கரும் பள்ளம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு அது தவறாகப் பட்டிருக்காது. பட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டான்.

உள்ளே பேலினின் கல்லறையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. அவர்கள் மொழியில் கஸாத்-தூமின் தலைவன் என்றும், பொது மொழியில் மோரியாவின் தலைவன் என்றும். தன் சொந்தக் கல்லறையில்கூட அடுத்தவன் வைத்த பெயரையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் வழிப்போக்கனுக்கு இன்ன ஊர் என்று தெரியாது.

கஸாத் இனத்தார் தங்கள் மொழியை அந்நியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. தங்கள் உள்பெயரை யாரிடமும் சொல்வதில்லை, கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. பேலின், கிம்லி என்பவை வடதிசை மனிதர்களின் பாஷையில் வெளியாருக்காக வைத்துக்கொண்ட பெயர்கள். டோல்கீன் 'ஹாபிட்' எழுதும்போது, பழைய நார்ஸ் கவிதையான வோலுஸ்பாவில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து பெரும்பாலான பெயர்களை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். பிறகு சொந்தமாக ஒரு மொழி அமைத்தபோது இவற்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய இக்கட்டு. அந்த இக்கட்டிலிருந்துதான் ரகசியப் பெயர் என்ற ஏற்பாடு வலுப்பெற்றது என்று நினைக்கிறேன். படைப்பில் பல நல்ல விஷயங்கள் இப்படித் தவறை மறைக்கப் போய்க் கிடைத்தவைதாம்.

இந்த ஜனங்களுக்குப் பெயர் எத்தனை பெரிய விஷயம் என்பதற்குப் பின்னிணைப்பில் ஒரு குரூரமான சம்பவம் இருக்கிறது. கிழவனான அரசன் த்ரோர், 2790இல், நகரத்தின் வாசலுக்குள் தனியாக நுழைகிறான். உள்ளே குடியேறிவிட்ட ஓர்க்குகளின் தலைவன் அவனைக் கொன்று உடலை வெளியே எறிகிறான். வெட்டிய தலையின் நெற்றியில் தன் பெயரைச் சூடு போட்டிருக்கிறான். எழுத்து எது தெரியுமா? கஸாத்தின் சொந்த எழுத்து. அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. தன் பெயரை ரகசியமாகக் காப்பாற்றுகிறவனின் நெற்றியில், அவன் எழுத்திலேயே, எதிரியின் பெயர். இதை எழுதியவரைச் சிறுவர் அலமாரிக்கு அனுப்பும் நண்பர்களை இந்தப் பக்கத்தையாவது படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

4

நகரத்தின் சொந்தக் குரல் ஒரே இடத்தில் கேட்கிறது. ஆவண அறையில் கிழிந்து, கருகி, கறை படிந்து கிடக்கும் புத்தகம். பேலினின் குடியேற்றத்தைப் பற்றிய குறிப்புகள் அதில் இருக்கின்றன. பலர் கைமாறி எழுதியது. ஒரு பக்கத்தில் ஓரியின் கையெழுத்தைக் கிம்லி அடையாளம் கண்டுகொள்கிறான். வாக்கியங்கள் குறைந்துகொண்டே வந்து, எதிரி நெருங்கிவிட்டதைச் சொல்லும் ஒரு கிறுக்கலோடு நிற்கிறது. படிப்பதும் காண்டால்ஃப்தான். எழுத்து பாதி அழிந்துபோனதால் அவர் ஊகித்துப் படிக்கிறார்.

டோல்கீன் இந்தப் புத்தகத்தின் மூன்று பக்கங்களைத் தன் கையாலேயே தயாரித்தார். தாளைக் கருக்கி, கிழித்து, கறை பூசி. 1954இல் முதல் பாகம் வந்தபோது, அச்சுச் செலவு அதிகம் என்று பதிப்பாளர் அவற்றைச் சேர்க்கவில்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் பிற்காலத்தில் எழுதி, 1996இல் மகன் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அந்தப் பக்கங்களைச் செய்ததே தவறு என்கிறார். காரணம், எழுத்து அந்த உலகத்து எழுத்தாக இருந்தாலும் மொழி இங்கிலீஷ். மூல ஆவணம் என்று காட்டிவிட்டு அதில் இங்கிலீஷை எழுதியது பொய் என்கிறார். மொழியியல் பேராசிரியரின் நுணுக்கம் என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நகரத்தின் ஒரே சாட்சியம்கூட அதன் சொந்த வார்த்தையில் நமக்கு வரவில்லை என்பதை அதன் ஆசிரியரே கண்டுகொண்ட இடம் அது.

இங்கே டோல்கீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1938இல் 'ஹாபிட்' ஜெர்மன் மொழிபெயர்ப்புக்காக ஒரு ஜெர்மன் பதிப்பகம் அவர் ஆரியர்தானா என்று விசாரித்து எழுதியது. அவர் எழுதிய பதில் வரைவு ஒன்றில், யூதர் என்ற திறமை மிக்க இனத்தில் தனக்கு முன்னோர் இல்லாதது வருத்தமே என்றார். 1955இல் ஒரு கடிதத்தில், தன் கதையின் குள்ளர்களை யூதர்களைப் போல நினைப்பதாக எழுதினார்: இருக்கும் இடத்துக்கு உரியவர்களாகவும் அந்நியர்களாகவும் ஒரே நேரத்தில் இருப்பவர்கள், ஊர் மொழியைப் பேசினாலும் சொந்த மொழியின் சாயல் தெரிபவர்கள். அவர்கள் மொழியைச் செமிட்டிக் அமைப்பில் உண்டாக்கியதாக 1971இல் ஒலிபரப்பான பேட்டியிலும் சொன்னார். இது தெரிந்த பிறகு, பேராசை என்ற சொல்லைப் பழையபடி உச்சரிக்க முடிவதில்லை. ஊரை இழந்து அலையும் ஒரு ஜனத்தைப் பார்த்து, உன் பணத்தாசைதான் உன்னை அழித்தது என்று சொல்வது ஐரோப்பாவின் மிகப் பழைய பொய். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தெரிந்ததே. டோல்கீன் அந்தப் பொய்யை வெறுத்தவர். அந்தப் பொய்யின் வாசனை படிந்த வாக்கியத்தை எழுதியவரும் அவர்தான். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது விமர்சனம் ஆகாது.

குறைகளும் இருக்கின்றன. நாற்பது மைல் நகரத்தில் ஒரு அடுக்களையை நாம் பார்ப்பதில்லை. தோண்டியவர்களில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. அரசர்களின் பெயர் வரிசையாகக் கிடைக்கிறது. அந்த இனத்தில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று பின்னிணைப்பு சொல்கிறது. அதில் பெயர் சொல்லப்படுபவள் டீஸ் என்ற ஒருத்தி மட்டும். ரகசியமான ஜனங்கள் என்ற ஏற்பாடு ஆசிரியருக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. தெரியாததையெல்லாம் அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று விட்டுவிடலாம். இழப்பின் கம்பீரம் கிடைத்தது. அங்கே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருந்திருக்கும் என்பது கிடைக்கவில்லை.

5

இருந்தும் இந்த நகரம் எனக்குள் நிற்பதற்குக் காரணம், நகரத்துக்கு வெளியே நடக்கும் ஒரு சிறிய காட்சி. மோரியாவிலிருந்து தப்பியவர்கள் லோரியன் என்ற எல்ஃப் வனத்துக்கு வருகிறார்கள். எல்லையிலேயே கிம்லிக்கு மட்டும் கண்ணைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். கடைசியில் எல்லோருமே கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். வனத்தின் பிரபு கெலெபோர்ன், குள்ளர்கள் மறுபடியும் அந்தத் தீமையைக் கிளறிவிட்டார்கள் என்று அஞ்சி, முன்பே தெரிந்திருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டேன் என்கிறார். மறுபடியும் அதே தீர்ப்பு. அப்போது அவர் மனைவி கலாட்ரியல் குறுக்கிடுகிறாள். அவள் வாதாடவில்லை. அந்த ஏரியின் பெயரை, அந்த ஆற்றின் பெயரை, அந்த நகரத்தின் பெயரைக் கிம்லியின் மொழியில் சொல்கிறாள். மோரியா என்று சொல்லாமல் கஸாத்-தூம் என்கிறாள். அது அழகாக இருந்தது என்கிறாள். கிம்லி நிமிர்ந்து பார்க்கிறான். எதிரி என்று நினைத்த இடத்தில் அன்பைப் பார்க்கிறான். பிறகு சாகும்வரை அவன் அவளுடைய ஆள்.

நாவலில் நகரம் உயிரோடு எழுந்து நிற்பது இந்த ஒரு கணம்தான். தூண்களையும் பாலத்தையும் பற்றிய வர்ணனையால் நேராதது, அந்நியர் ஒருவர் அதன் சொந்தப் பெயரைச் சரியாக உச்சரித்ததும் நேர்ந்துவிடுகிறது. தொல்பொருள் ஆராய்ச்சியோ, நீதி விசாரணையோ நடக்கவில்லை. பெயரைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் நாவலின் அத்தனை ஞானிகளில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை.

இதை எழுதிக்கொண்டு வரும்போது என் பேனாவும் சுத்தமில்லை என்று தெரிந்தது. கட்டுரை முழுக்கப் பெரும்பாலும் குள்ளர்கள் என்றே எழுதியிருக்கிறேன். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று பழமொழி வைத்திருக்கும் பாஷையில் எழுதுகிறேன் என்பதை நினைக்கவில்லை. இங்கிலீஷ் சொல்லிலும் இதே சங்கடம் இருந்ததால்தான் டோல்கீன் அதன் பன்மையையாவது மாற்றி எழுதி, விளையாட்டுக் கதைகளின் குள்ளர்களிடமிருந்து இவர்களைக் கொஞ்சம் விலக்கிவைக்கப் பார்த்தார். எனக்கு அந்த அளவு முயற்சிகூடத் தோன்றவில்லை. நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான்: பேராசை என்று சொன்னவர் அந்த ஊர்க்காரர் இல்லை, அன்று மாலை அதைத் திருப்பிச் சொன்னவன் நான். அடுத்த தடவை பேச நேர்ந்தால் கஸாத்-தூம் என்று சொல்லி ஆரம்பிக்கிறேன்.